மூன்றாம் ஓலை

"ஐயா, நீங்க எந்திரிச்சு வர வேண்டாம். ஐயரே கடைசில உங்ககிட்ட கொண்டாந்து குடுத்திருவாவ" என்று ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தாசன் குனிந்து காதோடு சொன்னபோது வேதமாணிக்கத்துக்கு அது குளிர்ச்சியாகத்தான் இருந்தது. முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து நாற்பது நாள் கழித்து இன்றைக்குத்தான் ஆலயத்துக்கு வந்திருக்கிறார். முப்பது வருஷமாக ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்த மனிதரை, பெஞ்சில் கால் நீட்ட இடமில்லை என்று, கடைசிச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். போதகரான ஐயரே திருவிருந்து அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்துவந்து தருவார் என்றால், சபைச் செயலாளருக்கு அந்த மட்டும் மரியாதை மிச்சமிருக்கிறது. அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்காமல், "கடைசில அப்படி எத்தன பேருக்கு?" என்று கேட்டுவைத்தார். "உங்களுக்கு மட்டுந்தான். மைக் செட் அண்ணாச்சிதான் வாங்குறதில்லயே" என்றான் தாசன். மைக் செட் அண்ணாச்சி என்று ஊர் சொல்வது பொன்னுத்துரையை, வேதமாணிக்கத்தின் கூடப்பிறந்த அண்ணனை. பத்தடி தள்ளி, தூண் மறைவில், ஆம்ப்ளிபயர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "இன்னைக்கு வாங்கலியா?" என்றார் வேதமாணிக்கம். தாசன் அவரைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தான். "அவுக மக எமிமா பாப்பாவுக்குக் கல்யாண ஓலை வாசிச்சதுக்குப் பொறவு வாங்கலியே ஐயா. பதினோரு வருஷம் ஆச்சே. உங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, பாடகர் குழு எழுந்துவிட்டதைப் பார்த்து வெள்ளை அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

தெரியாது. எப்படித் தெரியும்? முதல் பெஞ்சில் இருப்பவனுக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. முதல் பந்தியில் முதல் ஆளாய்ப் போய் பலிபீடத்துக் கிராதி முன் முழங்கால் போட்டு, வாங்கி, மூடிய கண்ணோடு இடத்துக்குத் திரும்பி, கடைசிப் பந்தி முடிகிறவரை தலை தூக்காத பக்தி அவருடையது. அந்தப் பக்திக்கு ஊரில் பெயர் உண்டு. வேதமாணிக்கம் சார் திருவிருந்து வாங்கிவிட்டு உட்கார்ந்தால் மேலே பல்லி விழுந்தாலும் அசையமாட்டார் என்று பெண்கள் சங்கத்தில் சொல்வார்கள் என்று மனைவி லில்லி வந்து சொல்லியிருக்கிறாள், பாதி கேலியாக. மாதத்தின் முதல் ஞாயிறு, வருஷத்துக்குப் பன்னிரண்டு, பெரிய வியாழன், கிறிஸ்மஸ், புது வருஷம் சேர்த்தால் பதினைந்து, பதினோரு வருஷத்துக்கு நூற்றறுபத்தைந்து. கணக்கு தானாக ஓடுகிறது. பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவரின் மூளை அது, எதைக் கொடுத்தாலும் மணியாக்கி நிமிஷமாக்கிவிடும். நூற்றறுபத்தைந்து தடவை அண்ணன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார். நூற்றறுபத்தைந்து தடவையும் இவர் முதல் ஆளாகப் போயிருக்கிறார். அண்ணன் எப்போது வாங்குகிறார் என்று ஒரு தடவையாவது நினைத்தாரா? நினைத்த ஞாபகம் இல்லை. மைக்கை விட்டு எழுந்துவர முடியாது, கடைசியில் வாங்கிக்கொள்வார் என்று யாராவது கேட்டால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது, கோயில்பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, முன்னால் இருந்த ஐயருக்கும் இப்போதிருக்கிற இளவயது ஐயருக்கும் தெரியாமலா இருக்கும். லில்லிக்கு? பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவள் சேலை முக்காடு தெரிகிறது. அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை என்றால், சொல்லிப் பிரயோஜனமில்லை என்று எந்த வருஷமோ முடிவு செய்திருப்பாள்.

முதல் பந்தி எழுந்தது. அவர் இடத்தில் இன்றைக்கு வங்கி மேனேஜர் அருமைநாயகம் முதல் ஆளாக நடக்கிறார், கைகளைக் கட்டிக்கொண்டு, ஷூ சத்தத்தோடு. ஷூவைக் கழற்ற வேண்டாமா என்று மனசு வழக்கம்போல ஓடியது. ஓடிப்போய், ஐயோ இப்போது இதுவா என்று திரும்பியது. ஒரு பந்திக்கு ஆறு நிமிஷம். ஆண்கள் பக்கம் எட்டுப் பந்தி வரும், பெண்கள் பக்கமும் கூடவே நகரும். ஐம்பது நிமிஷத்தில் ஐயர் இங்கே வந்துவிடுவார். வந்து நிற்கும்போது என்ன செய்வது? அதில் யோசிக்க என்ன இருக்கிறது, வாங்குவதுதானே, எல்லா மாதமும் போல. ஆனால் முதல் திருவிருந்துக்கு முன் உட்காரவேண்டிய திடப்படுத்தல் வகுப்பில் பதினெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு இவர்தானே சொல்லிக்கொடுத்தார், கூடப்பிறந்தவனோடு மனஸ்தாபம் இருந்தால் முதலில் எழுந்துபோய் அதைத் தீர்த்துவிட்டு அப்புறம் மேசைக்கு வரவேண்டும் என்று. கரும்பலகையில் சாக்கட்டியால் ஒன்று, இரண்டு என்று எழுதிப்போட்டார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பரீட்சை வைத்தார், பத்துக்குப் பத்து வாங்கியவர்களுக்குப் பேனா கொடுத்தார். அந்த வகுப்பை எட்டிக்கூடப் பார்க்காத அண்ணன், அம்மன் கோயில் கொடைக்கு ரேடியோ கட்டுகிறவர், லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டு சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறவர், அதை அப்படியே நம்பி உட்கார்ந்திருக்கிறார். சொல்லிக்கொடுத்தவர் மாதா மாதம் போய் வாங்கித் தின்றிருக்கிறார். தின்றிருக்கிறார் என்றுதான் மனசு சொல்கிறது. வேறு நல்ல வார்த்தை அகப்படவில்லை.

என்மேல் என்ன தப்பு என்று உடனே ஒரு பக்கம் எழுந்தது. அது எப்போதும் எழும், பழகிய நாய் மாதிரி. சபை ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறது எதற்கு? இந்தப் பெண்ணுக்கும் இந்தப் பையனுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்கிறது எதற்கு? சும்மா சடங்குக்கா? எமிமாவுக்குப் பார்த்த பையன் திடப்படுத்தல் எடுக்காதவன். ஞானஸ்நானத்தோடு நின்றுபோனவன். அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றல் வந்ததில் எங்கேயும் வகுப்பில் உட்காரவில்லை. அப்படிப்பட்டவனுக்கு இந்த ஆலயத்தில் தாலி கட்டும் ஆராதனை நடத்துவது கமிட்டித் தீர்மானப்படி கூடாது. தீர்மானம் எழுதினவர் இவர். வேறு யார் வீட்டுப் பெண்ணுக்கு என்றாலும் இவர் எழுந்து நின்றிருப்பார். சொந்த அண்ணன் மகள் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ஆண்டவருக்கு முதலிடம் கொடுத்ததாக ஆகுமா? மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, ஆலயம் நிறைந்திருக்க, எழுந்து நின்றார். சொன்னார். உட்கார்ந்தார். அன்று காலையில்தான் விஷயம் தெரிந்தது, தெரிந்ததும் சொன்னேன், மனச்சாட்சி உறுத்தியது. இப்படித்தான் பதினோரு வருஷமாகச் சொல்லிவருகிறார். கமிட்டியில், லில்லியிடம், ஜெபத்தில்கூட.

இரண்டாம் பந்தி. பாடகர் குழு ராகத்தை இழுத்துவிட்டது, ஆர்மோனியம் முந்திக்கொண்டு ஓடுகிறது. தூணுக்கு அந்தப்புறம் அண்ணன் கை குமிழைக் கொஞ்சம் திருகியது, ஆர்மோனியம் அடங்கியது. அந்தக் கையை இங்கிருந்து பார்க்க முடிகிறது, முகத்தைத்தான் தூண் மறைக்கிறது. நரம்பு எழும்பிய கை. வயர் சீவிச் சீவிக் கட்டைவிரல் நகம் பிளந்திருக்கும். அந்தக் கைதான் ஒரு தடவை நகரப் பேருந்தின் கூரைமேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு குழாய் ஸ்பீக்கரை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார், நாசரேத்துப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு. நேரம் ஆகிவிட்டது, டைம் கீப்பர் விசில் ஊதிவிட்டார். ஏல, அண்ணன் மேல நிக்கேன்ல, என்று அவர் கத்த, கண்டக்டர் இவரைப் பார்க்க, இவர் இன்னொரு விசில். பஸ் நகர்ந்தது. அண்ணன் மேலேயே உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார், போகும்போது கை காட்டிச் சிரித்தார். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார், என் தம்பி நேர்மைன்னா நேர்மை, கூடப்பிறந்தவனுக்கும் ஒரு நிமிஷம் தரமாட்டான் என்று. அப்போது அது சிரிப்பாக இருந்தது. அப்படிச் சிரித்துச் சொன்னவரைத்தான் சபை நடுவில் உட்காரவைத்து, உம்முடைய மகள் கல்யாணத்தில் தடை இருக்கிறது என்று இவர் சொன்னார். அண்ணன் அன்று இந்த ஆம்ப்ளிபயர் பக்கத்தில்தான் இருந்தார். இவர் சொன்னது சபைக்குச் சரியாகக் கேட்கவேண்டும் என்று, ஐயர் கையிலிருந்த மைக்கை இவர் வாங்கிப் பேசினார். அண்ணனே பொருத்திக் கொடுத்த மைக்.

அன்று காலையிலா தெரிந்தது? மனசு அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு தாண்டு தாண்டும், பள்ளத்தைத் தாண்டுகிற மாதிரி. இன்றைக்குத் தாண்ட முடியவில்லை. கால் நீட்டிக் கிடக்கிறது, மனசும் கூடவே நீட்டிக்கொண்டு கிடக்கிறது. அன்று காலையில் இல்லை. செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே காலுக்கு ஆலயத்து அலுவலறையில், பையனுடைய ஊர்ப் போதகர் அனுப்பிய கடிதத்தை உறை கிழித்துப் படித்தது இவர். தாசன் மூலையில் உட்கார்ந்து குத்துவிளக்குத் துலக்கிக்கொண்டிருந்தான், புளி வாடை அடித்தது. படித்ததும் அண்ணன் ஞாபகம்தான் முதலில் வந்தது, பொய் சொல்லக்கூடாது. அண்ணன் வீடு மூன்று தெரு. போய்ச் சொன்னால், பழைய ஐயர் இளகின மனிதர், பேராயரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பையனை அழைத்துவந்து நாலு நாள் வகுப்பில் உட்காரவைத்துத் திடப்படுத்தல் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே இரண்டு பேருக்கு அப்படி நடந்திருக்கிறது. போகலாம் என்றுதான் எழுந்தார். ஆனால் செவ்வாய் ஆறு மணிக்கு வீட்டு ஜெபக்கூட்டம், இவர்தான் நடத்துகிறவர். ஆண்டவர் காரியம் முதலில். புதன்கிழமை உபவாச ஜெபம், காலையிலிருந்து மாலைவரை. வியாழன் கமிட்டி. வெள்ளி ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஜெபம், பதினேழு கட்டில், ஒவ்வொரு கட்டிலாக. ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை. சினிமாவுக்குப் போனாரா, சீட்டாடினாரா? எல்லாம் தேவ காரியம். அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் அவர் ஆண்டவருக்கு உழைத்ததே இல்லை. முழங்கால் தேய்ந்ததே ஜெபத்தால்தான் என்று ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் சொன்னபோது, "அதெல்லாம் இல்ல சார், வெயிட்டு" என்றார் அந்த டாக்டர். லில்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்காம் பந்தி. எப்போது மூன்றாவது போனது? கணக்கு தப்பிவிட்டது, அவருக்குக் கணக்கு தப்பிவிட்டது. வேர்க்கிறது. பேன் இந்த மூலைக்குக் காற்று தராது என்று இத்தனை வருஷமாகச் செயலாளருக்குத் தெரியாமல் போயிற்று, இங்கே உட்காருகிறவர்கள் யாரும் சொன்னதில்லை. சனிக்கிழமை. சனிக்கிழமையைத் தொடாதே என்று ஒரு பக்கம் சொல்கிறது. சனிக்கிழமை பீடத்துக்குப் பூ வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தார். சந்தையிலிருந்து ஆலயத்துக்கு இரண்டு வழி. அண்ணன் தெரு வழியாகப் போகவேண்டியதில்லை. போனார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது. அல்லது சொல்லிவிடலாம் என்றுதான் போனாரோ. வாசலில் எமிமா, முடியை உலர்த்திக்கொண்டு நின்றாள். பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியிருந்தது. "சித்தப்பா" என்றாள். முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள், அப்படிச் சொல்லவேண்டிய அவசியமில்லாத மலர்ச்சி. இவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். அவள் "இருங்க சித்தப்பா, வந்துட்டேன்" என்று உள்ளே ஓடினாள். சைக்கிள் கூடையில் சம்பங்கி. வெயிலில் வாடுகிறது. பீடத்துக்கு உள்ளது, வாடலாமா? பூவை ஆலயத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று மிதித்தார். ஆலயத்தில் பூ வைத்து, பீடத் துணி மாற்றி, அடுத்த நாள் வாசிப்புக்குப் பக்கம் குறித்து முடித்தபோது இருட்டிவிட்டது. திரும்பி வரவில்லை. சம்பங்கி மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை நன்றாக இருந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பத்து நிமிஷம்கூட வேண்டாம், அவள் உள்ளே போய்விட்டு வெளியே வருகிறவரை நின்றிருந்தால் போதும்.

ஏன் நிற்கவில்லை? இதற்குப் பதில் தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது. மயக்க மருந்து ஏறும்போது வந்த பயம் மாதிரி. சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்க முடியாது. அவ்வளவுதான். வீட்டில் சொல்லித் தீர்த்தால் அது குடும்ப விஷயம். சபையில் எழுந்து சொன்னால் அது வைராக்கியம். சொந்த ரத்தம் என்றும் பார்க்காமல் ஆண்டவருக்காக நின்ற மனுஷன் என்று நாலு பேர் சொல்வார்கள். சொன்னார்கள். எழுந்து நின்றபோது பக்தி என்றுதான் நினைத்துக்கொண்டார். நாக்கில் இனித்தது. அந்த இனிப்பு இப்போதும் ஞாபகமிருக்கிறது, வெட்கமாக இருக்கிறது. கல்யாணம் இந்த ஆலயத்தில் நடக்கவில்லை. பத்திரிகை கொடுத்த இருநூறு வீட்டுக்கும் அண்ணனும் மைனியும் நடந்து, இங்க இல்ல, மாப்பிள்ளை ஊர்ல வச்சிக்கிடுதோம், மன்னிச்சிருங்க என்று சொல்லித் திரும்பினார்கள். மூங்கில் இரண்டு மாதம் வாசலில் கிடந்தது. வேறு யாரோ ஒரு போதகர், ஒரு கல்யாண மண்டபத்தில், சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்தில், நடத்திவைத்தாராம். இவருக்குப் பத்திரிகை வந்தது. அண்ணன் தபாலில் அனுப்பியிருந்தார். அன்றைக்குச் சபை உபவாச ஜெபம். இவர் போகவில்லை. மைனி நாலு வருஷம் கழித்து இறந்தபோது செயலாளர் ஒரு குறையும் வைக்கவில்லை. மணி சரியாக அடித்தது, குழி நேரத்துக்குத் தயார், பெட்டி தூக்க ஆள், பாட்டுக்குப் பாடகர் குழு, எல்லாம் முதல்தரம். எமிமா பெட்டி ஓரத்தில் நின்றுகொண்டு ஒரு தடவை இவரை நிமிர்ந்து பார்த்தாள். இவர் கையில் ஆராதனை ஒழுங்கு அச்சடித்த தாள் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் கையைப் பிடிக்கக்கூட அன்று நேரமில்லை. நீங்க ஆண்டவருக்குப் பின்னால போறீங்களா, இல்ல அவருக்குக் குறுக்க நிக்கீங்களா என்று அன்று ராத்திரி லில்லி கேட்டாள். களைப்பில் பேசுகிறாள் என்று நினைத்தார்.

பெஞ்சுகள் காலியாகி நிரம்புகின்றன. கடைசிப் பந்தி போய்விட்டுத் திரும்புகிறது. ஐயர் பீடத்திலிருந்து இறங்கிவிட்டார், நடுப்பாதையில் வருகிறார். கூடவே தாசன், வெள்ளைத் துணியைக் கையில் ஏந்திக்கொண்டு. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன, செயலாளருக்கு வீடு தேடி வருகிறது பார் என்பதுபோல. இப்போதுகூட வாங்கிவிடலாம். வாங்கிவிட்டு, ஆராதனை முடிந்து, சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம். ஆட்டோ வைத்துக்கொண்டு போகலாம். சாயங்காலம் என்ன இருக்கிறது? சாயங்காலம் வாலிபர் சங்கம். ஐயோ. ஐயர் குனிந்தார், இளவயது முகம், ஷேவ் செய்த இடத்தில் சின்ன வெட்டு. அப்பத்தை நீட்டினார். வேதமாணிக்கத்தின் இரண்டு கைகளும் பழக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. எழுந்த கைகளை அவரே மடியில் இறக்கி வைத்தார். "இன்னைக்கு வேண்டாம் ஐயரே" என்றார். ஐயருக்குப் புரியவில்லை. "முடியலியா ஐயா? உட்கார்ந்தபடியே வாங்கிக்கலாம்" என்று மெல்லச் சொன்னார். "முடியும். வேண்டாம்." ஐயர் ஒரு நொடி நின்று, தலையசைத்து, தூண் பக்கம் பார்த்தார். அங்கேயும் ஒரு கை வேண்டாமென்று அசைந்தது, பழகிய அசைவு. ஐயர் திரும்பி நடந்தார். பெண்கள் பக்கத்தில் லில்லி முழு உடம்பையும் திருப்பி இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாக்கரைப் பிடித்து எழுந்தார். பத்தடி. பிஸியோதெரபிஸ்ட் இதைவிடத் தூரம் நடக்கவைத்திருக்கிறாள், ஆனால் இவ்வளவு தூரம் இல்லை. முன்னால் ஐயர் பாத்திரங்களை மூடிவிட்டு நன்றி ஜெபம் தொடங்கிவிட்டார், சபை தலை கவிழ்ந்திருக்கிறது. ஜெபத்தின் நடுவில் வேதமாணிக்கம் எழுந்து நடப்பது இதுதான் முதல் தடவை. தூணைச் சுற்றி வந்ததும் அண்ணன் முகம் தெரிந்தது. வயசாகிவிட்டது. மாதக்கணக்கில் பார்க்காதவர் முகம் அல்ல, வாரா வாரம் பார்த்த முகம்தான். அப்படியும் இப்போதுதான் தெரிகிறது.

"அண்ணே" என்றார்.

பொன்னுத்துரை குமிழிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உக்காருல. காலு வீங்கிரும்."

ஸ்டூலுக்குப் பக்கத்தில் பழைய ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. அதன்மேல் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "எமிமா மாப்ள ஊர்லருந்து வந்த கடுதாசி. அது எனக்குச் செவ்வாக்கிழமையே தெரியும்ணே. ஞாயித்துக்கிழம இல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தாசன் அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டான். செயலாளர் ஐயா பிரிச்சுப் படிச்சிட்டாவன்னு."

வேதமாணிக்கம் பெட்டியின் நுனிக்கு நகர்ந்தார். "பொறவு ஏன் நீங்க என்கிட்ட வரல?"

"என்னன்னு வர? மூடி மறைச்சிரு தம்பின்னு கேக்கவா?" பொன்னுத்துரையின் குரல் உயரவில்லை. "நீயா வருவேன்னு இருந்தோம். எமிமாதான் சொல்லிக்கிட்டே இருந்தா, சித்தப்பா வருவாவ, அவங்களே ஒரு வழி சொல்லுவாவன்னு. சனிக்கிழம நீ சைக்கிள்ல வந்து நின்னல்லா? ஓடியாந்து அவ அம்மாட்ட, சித்தப்பா வந்துட்டாவ, காப்பி போடுங்கன்னா. டம்ளரோட வெளிய வந்து பாத்தா ஆளக் காணும்."

ஐயரின் ஜெபம் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. வேதமாணிக்கம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகை வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தப்புப் பண்ணிட்டேன்ணே" என்றார். "நிக்கணும்னு ஆசைப்பட்டேன். சபைல எந்திரிச்சு நிக்கணும்னு. அதுக்காவத்தான் சொல்லல."

பொன்னுத்துரை முதல் தடவையாகத் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு தம்பியின் ஆபரேஷன் காலில் கையை வைத்தார், மிகவும் லேசாக, வலிக்குமோ என்பதுபோல. "நானும்தான் மூணு தெரு நடந்து வரல. வீம்பு. அதான் மேசைக்குப் போகாம இருக்கேன், உன் மேல உள்ள கோவத்துல இல்ல. நம்ம ரெண்டு பேருக்குள்ள என்னல இருக்கு, அது தீந்துரும்." சட்டைப் பைக்குள் கையை விட்டு போனை எடுத்தார். கண்ணுக்கு எட்ட வைத்து, பிளந்த நகத்தால் தேடித் தேடி ஒரு பெயரில் நிறுத்தினார். "பட்டது அவ. சொல்லணும்னா அவகிட்ட சொல்லு. இந்நேரம் வீட்லதான் இருப்பா. சத்தம் கேக்காது, வெளிய மரத்தடிக்குப் போயிருவோம். எந்திரி, நான் பிடிச்சிக்கிடுதேன்." போனை நீட்டினார்.

முன்னால் ஐயர் ஜெபத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார். சபை எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஆசீர்வாதம் முடிஞ்சிரட்டுமேண்ணே" என்றார் வேதமாணிக்கம்.

சொன்ன பிறகுதான் சொன்னது கேட்டது. நினைத்துச் சொன்னதில்லை, வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. ஆராதனை முடிவில் ஐயர் சொல்லும் ஆசீர்வாதத்துக்கு முன்னால் ஆலயத்தை விட்டு அவர் இதுவரை வெளியே போனதில்லை. அண்ணன் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. ஏதோ ஒன்றைச் சரிபார்த்து முடித்தவர்போல ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டார். காலின் மேலிருந்த கையை எடுத்தார். போனைப் பையில் போட்டார். ஆசீர்வாதம் கடைசிப் பெஞ்சுவரை கேட்கவேண்டும் என்று குமிழைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"இல்லண்ணே, தாங்க, இப்பவே பேசுதேன்" என்று வேதமாணிக்கம் சொன்னது ஐயரின் குரலில் அமுங்கிப்போயிற்று. கையை நீட்டினார். அண்ணன் தலை குனிந்து கண்ணை மூடியிருந்தார், பார்க்கவில்லை.